பனிமேகத் துகளுக்கு ஒளியியல் மாதிரி அமைக்கும் முறை

சித்திரை, வைகாசி மாதங்களின் பிற்பகலில் பாலக்கோட்டில் நின்று வடமேற்கே பார்த்தால், தேன்கனிக்கோட்டை மலைப்பக்கம் எழுகிற இடிமேகங்களின் தலை ஓர் உயரத்துக்கு மேல் ஏற முடியாமல் பக்கவாட்டில் விரிந்து, ஓரங்கள் நார்நாராகப் பிரிந்து, மழை ஓய்ந்த பிறகும் நெடுநேரம் வானத்தில் தங்கியிருப்பதைக் காணலாம். அந்த விரிந்த தலையில் இருப்பவை பனிப்படிகங்கள். நம் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் மேல் சுமார் 5 கிலோமீட்டர் உயரத்தில் வெப்பநிலை 0 டிகிரி செல்சியஸைத் தொடுகிறது. 10 கிலோமீட்டரைத் தாண்டிச் சற்று ஏறியதும் அது மைனஸ் 38 டிகிரிக்கும் கீழே இறங்கிவிடுவதால், அதற்கு மேல் நீர்த்துளி திரவமாக நீடிக்க வழியில்லை. செயற்கைக்கோள் இந்த மேகத்தை மேலிருந்து பார்க்கிறது. அது பதிவு செய்வது ஒளியின் அளவை மட்டுமே. அந்த அளவிலிருந்து மேகத்தின் ஒளியியல் தடிமனையும் (ஒளியை அது எவ்வளவு மறைக்கிறது என்ற அளவு), துகளின் பருமனையும், மொத்தப் பனியின் எடையையும் வருவிக்க வேண்டுமானால், ஒரு பனித்துகள் தன்மேல் விழும் ஒளியை எந்தத் திசையில் எவ்வளவு சிதறடிக்கும், எவ்வளவு உறிஞ்சும் என்பதை முன்கூட்டியே கணக்கிட்டு வைத்திருக்க வேண்டும். அந்தக் கணக்கை எந்த வரிசையில் செய்வது, எங்கே சரிபார்ப்பது என்பதே இங்கே சொல்லப்படுகிறது.

தருமபுரி, கிருஷ்ணகிரிப் பகுதிக் கல்லூரிகளில் முதுநிலை இயற்பியலோ தொலையுணர்வோ படித்து, இத்தகைய தலைப்பில் ஆய்வேடு எழுத விரும்புகிறவர்களை மனத்தில் வைத்தே எழுதுகிறேன். பெரிய கணினி மையம் தேவையில்லை. லினக்ஸ் ஓடுகிற ஒரு சாதாரணக் கணினி, பைத்தான், இலவசமாகக் கிடைக்கும் ஏடிடிஏ, டிடிஸ்காட் போன்ற சிதறல் நிரல்கள், மேகத்தின் ஊடாக ஒளி செல்வதைக் கணக்கிட லிப்ராட்ரான், இஸ்ரோவின் மாஸ்டாக் தளம் வழங்கும் இன்சாட் வானிலைச் செயற்கைக்கோள் தரவுகள் ஆகியவை போதும்.

புதிதாகத் தொடங்குகிறவர்கள் பெரும்பாலும் துகளின் வடிவத்தையே முதலில் தேடிப் போகிறார்கள். அறுகோணத் தூண், அறுகோணத் தட்டு, ஆறு கூர்முனைகள் ஒரு மையத்திலிருந்து கிளம்பும் கொத்து என்று படங்கள் கண்ணைக் கவர்கின்றன. நுணுக்கமாக வரைந்த வடிவம்தான் உண்மைக்கு நெருக்கமானது என்ற எண்ணமும் எளிதில் வந்துவிடுகிறது. என் கருத்தில் வடிவம் மூன்றாவதாக எடுக்க வேண்டிய முடிவு. எந்த அலைநீளத்தில், எந்தக் கோணத்தில் பார்க்கிறோம் என்பது முதலில் வரும். பனியின் ஒளியியல் மாறிலிகள் அடுத்து வரும். வடிவத்தைத் தேர்ந்தெடுத்த பிறகும், அதன் தகுதி அழகால் முடிவாவதில்லை. ஒரே துகள் மாதிரி கண்ணுறு ஒளியிலும் அகச்சிவப்பிலும், லேசர் ஒளியை அனுப்பித் திரும்பி வருவதை அளக்கும் லைடாரிலும் ஒரே மேகத்துக்கு ஒரே விடையைத் தருகிறதா என்பதுதான் கேள்வி.

அலைநீளமும் பருமன் விகிதமும்

இன்சாட்-3டிஆர் 2016 செப்டம்பர் 8 அன்று ஏவப்பட்டு, கிழக்கு 74 டிகிரி தீர்க்கரேகையில் நிலைநிறுத்தப்பட்டது. அதன் படமெடுப்பி ஆறு அலைவரிசைகளில் பார்க்கிறது. நமக்கு முக்கியமானவை 0.65 மைக்ரோமீட்டரை ஒட்டிய கண்ணுறு வரிசை, 1.55 முதல் 1.70 மைக்ரோமீட்டர் வரையுள்ள குற்றலை அகச்சிவப்பு வரிசை, 11, 12 மைக்ரோமீட்டர்களை ஒட்டிய இரு வெப்ப வரிசைகள் ஆகியவை. மெல்லிய கீற்று மேகத்தைப் பிரித்துக் காட்டும் 1.38 மைக்ரோமீட்டர் வரிசை இதில் இல்லை என்பதை முதலிலேயே மனத்தில் கொள்ள வேண்டும். அமெரிக்காவின் மோடிஸ் கருவியை முன்வைத்து எழுதப்பட்ட ஆய்வுக் கட்டுரைகளின் முறைகளை அப்படியே இங்கே பொருத்த முடியாமற்போவதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஒவ்வொரு வரிசைக்கும் பருமன் விகிதத்தைக் கணக்கிடுங்கள். துகளின் விட்டத்தைப் பை (π) என்ற எண்ணால் பெருக்கி, அலைநீளத்தால் வகுத்தால் அது கிடைக்கும். 100 மைக்ரோமீட்டர் துகளுக்கு 0.65 மைக்ரோமீட்டரில் இது ஏறத்தாழ 483. 11 மைக்ரோமீட்டரில் 29. மைக்ரோ அலையில் 183 கிகாஹெர்ட்ஸ் என்றால் அலைநீளம் 1.64 மில்லிமீட்டர், ஒரு மில்லிமீட்டர் பருமனுள்ள பெரிய பனித்துகளுக்கே விகிதம் 2-ஐத் தாண்டாது. எந்தக் கணக்கு முறை சாத்தியம், எது வீண்வேலை என்பதை இந்த ஓர் எண்ணே பெரும்பாலும் சொல்லிவிடும்.

பனியின் ஒளிவிலகல் எண்ணுக்கு வாரன், பிராண்ட் ஆகிய இருவர் 2008-இல் வெளியிட்ட தொகுப்பையே பயன்படுத்துங்கள். பழைய 1984 தொகுப்பில் கண்ணுறு ஒளியின் உறிஞ்சல் மதிப்புகள் பிற்பாடு திருத்தப்பட்டன. மெய்ப்பகுதி கண்ணுறு ஒளியில் 1.31. உறிஞ்சலைக் குறிக்கும் கற்பனைப் பகுதிதான் வரிசைக்கு வரிசை பெருமளவு மாறுகிறது: 0.65 மைக்ரோமீட்டரில் பத்துக் கோடியில் ஒன்று என்ற அளவை ஒட்டியது, 1.6-இல் பத்தாயிரத்தில் இரண்டு மூன்று, 11-இல் 0.2-ஐ ஒட்டியது, 12-இல் 0.4-ஐ ஒட்டியது. கண்ணுறு வரிசை தடிமனைச் சொல்லும், 1.6 வரிசை பருமனைச் சொல்லும் என்ற புகழ்பெற்ற இரு வரிசை முறை இந்த வேறுபாட்டின் மேல்தான் நிற்கிறது. நகாஜிமா, கிங் ஆகியோர் 1990-இல் அதை முறைப்படுத்தினார்கள்.

இங்கே இரண்டு நுணுக்கங்கள் உண்டு. தொகுப்பின் இரண்டு அலைநீளங்களுக்கு இடைப்பட்ட மதிப்பை எடுக்கும்போது, கற்பனைப் பகுதியை மடக்கை அளவில் இடைக்கணிப்புச் செய்ய வேண்டும். நேரடியாகச் செய்தால் அது செங்குத்தாக ஏறியிறங்கும் இடங்களில் பெரும்பிழை வரும். மேலும், 1.55 முதல் 1.70 வரையுள்ள அகன்ற வரிசைக்கு ஒளிவிலகல் எண்ணைச் சராசரி செய்து ஒரே ஒரு முறை கணக்கிட்டு முடித்துவிடக் கூடாது. வரிசைக்குள் பல அலைநீளங்களில் சிதறல் பண்புகளைக் கணக்கிட்டு, சூரிய ஒளியின் அளவாலும் கருவியின் ஏற்புத்திறனாலும் எடையிட்டு, பண்புகளையே சராசரி செய்ய வேண்டும்.

வடிவமும் மேற்பரப்பும்

சப்பானிய இயற்பியலாளர் நகாயா 1936-இல் ஆய்வகத்தில் பனிப்படிகம் வளர்த்துக் காட்டிய பிறகு, வெப்பநிலைக்கும் வடிவத்துக்கும் உள்ள உறவு தெளிவாயிற்று: 0 டிகிரிக்குச் சற்றுக் கீழே தட்டு, மைனஸ் 5 டிகிரியை ஒட்டி ஊசியும் தூணும், மைனஸ் 15-ஐ ஒட்டிக் கிளைவிரிந்த நட்சத்திரம், அதற்கும் கீழே மீண்டும் தட்டும் தூணும் கொத்துகளும். ஆய்வகத்தில் ஒரே வெப்பநிலையில் வளர்ந்த படிகத்துக்கு இது பொருந்தும். இடிமேகத்தில் ஒரு துகள் பல கிலோமீட்டர் மேலே தூக்கப்பட்டு, பல வெப்பநிலைகளைக் கடந்து, வழியில் மற்றத் துகள்களோடு மோதி ஒட்டிக்கொள்கிறது. வெப்பமண்டல இடிமேகத் தலைகளுக்குள் பறந்த ஆய்வு விமானங்கள் தட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டிச் சங்கிலியாக நீண்டிருப்பதைப் படம்பிடித்திருக்கின்றன. மேகத்தின் மின்புலம் அதற்குக் காரணம் என்று கருதப்படுகிறது. ஆகவே நம் ஊர்க் கோடை இடிமேகத்துக்கு ஒற்றைத் தூணோ ஒற்றைத் தட்டோ போதாது. திரள் வடிவம் ஒன்றிலிருந்து தொடங்குவதே பொருத்தம்.

எளிய கணக்கொன்றைக் கையாலேயே செய்து பார்ப்பது இங்கே மிகவும் உதவும். 100 மைக்ரோமீட்டர் நீளமும், அறுகோணப் பக்கம் 20 மைக்ரோமீட்டரும் உள்ள ஒரு தூணை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் கன அளவு ஏறத்தாழ 1,03,900 கன மைக்ரோமீட்டர். பனியின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 0.917 கிராம் என்பதால் எடை சுமார் 95 நானோகிராம். குழிவில்லாத எந்த உருவத்துக்கும், எல்லாத் திசைகளிலும் சராசரியாகப் பார்த்தால், நிழற்பரப்பு மொத்த மேற்பரப்பில் நான்கில் ஒரு பங்கு என்ற கோஷியின் விதிப்படி, நிழற்பரப்பு 3,520 சதுர மைக்ரோமீட்டர். இப்போது இந்தத் துகளின் பருமன் என்ன? மூலைக்கு மூலை அளந்தால் 108 மைக்ரோமீட்டர். அதே கன அளவுள்ள கோளத்தின் விட்டம் 58 மைக்ரோமீட்டர். கன அளவை நிழற்பரப்பால் வகுத்து ஒன்றரையால் பெருக்கினால் கிடைக்கும் பயனுறு விட்டம் 44 மைக்ரோமீட்டர்தான். மூன்றும் ஒரே துகளைக் குறிப்பவை. கட்டுரைகளில் வரும் பருமன் எந்த வகையைச் சேர்ந்தது என்று பார்க்காமல் இரண்டு ஆய்வு முடிவுகளை ஒப்பிடுவதால் எழும் குழப்பங்கள் ஏராளம். சிலர் விட்டத்தைச் சொல்வார்கள், சிலர் ஆரத்தைச் சொல்வார்கள். அதையும் கவனிக்க வேண்டும். ஒளியைப் பொறுத்தவரை பயனுறு விட்டமே பொருளுள்ள அளவு, ஏனெனில் சிதறல் நிழற்பரப்பையும் உறிஞ்சல் கன அளவையும் சார்ந்திருக்கின்றன.

வடிவத்தைவிடவும் விடையைப் புரட்டிப்போடுவது மேற்பரப்பின் சொரசொரப்பு. பளிங்குபோல் வழுவழுப்பான முகங்கள் உள்ள அறுகோணப் படிகத்தில், 60 டிகிரி இடைவெளியுள்ள இரு முகங்களின் வழியே ஒளி புகுந்து வெளியேறும்போது குறைந்தபட்ச விலகல் 21.8 டிகிரி வரும். தை, மாசி இரவுகளில் நிலா கோட்டை கட்டியிருக்கிறது என்று ஊரில் காட்டுவார்களே, அந்தப் பெரிய வட்டத்தின் ஆரம் இதுதான். ஆனால் கீற்று மேகம் நிலாவை மறைத்து நிற்கும் எல்லா இரவுகளிலும் கோட்டை தெரிவதில்லை என்பதையும் எவரும் கவனித்திருக்கலாம். பெரும்பாலான படிகங்களின் முகங்கள் சொரசொரப்பாகவோ, குழிவாகவோ, உள்ளே காற்றுக் குமிழிகளுடனோ இருக்கின்றன; குளியலறை ஜன்னலின் மங்கல் கண்ணாடி தெருவிளக்கைக் கலைத்துக் காட்டுவதுபோல், அவை சிதறல் கோணப் பரவலிலுள்ள (எந்தக் கோணத்தில் எவ்வளவு ஒளி சிதறுகிறது என்ற வரைவிலுள்ள) கூர்முனைகளைக் கரைத்துவிடுகின்றன.

இதன் விளைவை எண்ணில் பார்ப்போம். சிதறிய ஒளி எந்த அளவுக்கு முன்னோக்கியே போகிறது என்பதைச் சொல்லும் சமச்சீரின்மை எண் வழுவழுப்பான படிகங்களுக்கு 0.80-ஐ ஒட்டி இருக்கலாம். மிகுந்த சொரசொரப்புள்ள தூண்திரளுக்கு 0.75-ஐ ஒட்டி நிற்கிறது. உறிஞ்சல் இல்லாத வரிசையில் மேகத்தின் வெண்மை, ஒளியியல் தடிமனை ஒன்றிலிருந்து அந்த எண்ணைக் கழித்த மீதியால் பெருக்கிய அளவைத்தான் ஏறத்தாழப் பின்பற்றுகிறது. ஆகவே 0.75 எனக் கொண்டால் 5 என்று வரும் தடிமன், 0.80 எனக் கொண்டால் 6.25 என்று வரும். ஒரே படம், ஒரே வெண்மை. விடையில் 25 சதவீத வேறுபாடு. மோடிஸ் கருவியின் மேகக் கணிப்பு ஐந்தாம் தொகுப்பில் பல வடிவங்களின் கலவையைப் பயன்படுத்தியது; ஆறாம் தொகுப்பில், எட்டுத் தூண்கள் ஒட்டிய, மிகச் சொரசொரப்பான ஒரே திரள் வடிவத்துக்கு மாறியது. படங்களில் காணும் பலவகைப் படிகங்களை அது பிரதிபலிக்கவில்லை என்று சிலருக்குக் குறையாகப் படலாம். ஆனால் அந்த மாற்றத்துக்குப் பிறகுதான் கண்ணுறு ஒளியில் கிடைத்த தடிமன், அகச்சிவப்பிலும் காலிப்சோ செயற்கைக்கோளின் லைடாரிலும் கிடைத்த தடிமனோடு நெருங்கி வந்தது. எனக்கு அது நியாயமான பேரமாகவே தோன்றுகிறது.

எந்தக் கணக்கு முறை?

ஒளி அலைநீளத்தைவிடத் துகள் மிகப் பெரிதாக இருக்கும்போது, ஒளிக்கற்றைகளை ஒவ்வொன்றாகத் துகளுக்குள் செலுத்தி, முகத்துக்கு முகம் எதிரொளிப்பையும் விலகலையும் கணக்கிடும் வடிவியல் ஒளியியல் முறையே வழி. பருமன் விகிதம் நூற்றைத் தாண்டும் இடங்களில் அதன் மேம்படுத்தப்பட்ட வடிவத்தை நம்பலாம். பருமன் விகிதம் சில பத்துகளுக்குள் இருந்தால், துகளைச் சிறுசிறு மின் இருமுனைகளாகப் பகுத்துத் தீர்க்கும் டிடிஏ முறை உகந்தது. 1973-இல் பர்செல், பெனிபேக்கர் ஆகிய இருவர் இதை முன்வைத்தார்கள். மேற்சொன்ன ஏடிடிஏ, டிடிஸ்காட் இரண்டும் இம்முறையைச் சேர்ந்தவை. சமச்சீரான உருவங்களுக்கு டி-மேட்ரிக்ஸ் முறை வேகமானது.

டிடிஏ எங்கே உதவும், எங்கே உதவாது என்பதற்கு ஒரு கணக்கு. இருமுனைகளுக்கு இடையிலான தொலைவு, அலைநீளத்தை ஒளிவிலகல் எண்ணால் வகுத்த அளவில் பன்னிரண்டில் ஒரு பங்குக்கு மேல் போகாமல் வைப்பது நல்ல நெறி. 0.65 மைக்ரோமீட்டரில் அது சுமார் 0.04 மைக்ரோமீட்டர், 100 மைக்ரோமீட்டர் கனசதுரத்துக்கு ஒரு பக்கத்தில் 2,500 இருமுனைகள், மொத்தம் 1,500 கோடிக்கும் மேல். வீட்டுக் கணினியில் இதை நினைத்துப் பார்க்கவும் முடியாது. அதுவே 183 கிகாஹெர்ட்ஸில், பனியின் ஒளிவிலகல் எண் 1.78 என்ற நிலையிலும், சுமார் 77 மைக்ரோமீட்டர் இடைவெளி போதும். வடிவம் சிதையாமலிருக்க 20 மைக்ரோமீட்டராகக் குறைத்தாலும், ஒரு மில்லிமீட்டர் கனசதுரத்துக்கு 1,25,000 இருமுனைகள்தான் ஆகும். பென்னாகரத்தில் மின்சாரம் போய்ப் போய் வரும் மாலையில்கூட, யூபிஎஸ் துணையோடு இதை ஓட்டி முடித்துவிடலாம்.

கண்ணுறு ஒளிக்கும் அகச்சிவப்புக்கும் நீங்களே புதிதாகக் கணக்கிட வேண்டிய கட்டாயமில்லை. யாங் முதலானோர் 2013-இல் வெளியிட்ட தரவுத்தொகுப்பில் 0.2 முதல் 100 மைக்ரோமீட்டர் வரை, 11 வடிவங்களுக்கும் மூன்று நிலைச் சொரசொரப்புக்கும், 2 முதல் 10,000 மைக்ரோமீட்டர் வரையுள்ள பருமன்களுக்கும் மதிப்புகள் உள்ளன. எனினும் கற்கும் காலத்தில் ஒரே ஒரு அறுகோணத் தூணுக்காவது கற்றைக் கணக்கை நீங்களே எழுதிப் பார்ப்பது நல்லது. ஆயத்த மதிப்புகளைச் சந்தேகிக்கும் திறன் அதிலிருந்துதான் வரும்.

எழுதிய நிரலை இப்படிச் சோதியுங்கள். சிதறல் கோணப் பரவலை முழுக் கோளத்திலும் தொகுத்தால் வரையறைப்படியான மதிப்பு வர வேண்டும்; ஆயிரத்தில் ஒரு பங்குக்கு மேல் விலகினால் கற்றைகளின் எண்ணிக்கை போதவில்லை அல்லது கோண இடைவெளி மிகப் பெரிது. உறிஞ்சலைச் சுழியமாக வைத்தால் சிதறிய ஆற்றலும் வந்த ஆற்றலும் சமமாக வேண்டும். பெரிய துகளின் மொத்த மறைப்புத்திறன் (ஒளியை மறைக்கும் பரப்புக்கும் நிழற்பரப்புக்கும் உள்ள விகிதம்) 2-ஐ நெருங்க வேண்டும்: ஒரு பங்கு நிழற்பரப்பில் விழும் ஒளிக்கு, மற்றொரு பங்கு விளிம்பில் வளைந்து செல்லும் ஒளிக்கு. வழுவழுப்பான தூணுக்கு 22 டிகிரியில் கூர்முனை வர வேண்டும். சொரசொரப்பைப் படிப்படியாகக் கூட்டும்போது அது கரைந்து மறைய வேண்டும். இணையான இரு முகங்களின் வழியே திசைமாறாமல் நேராகவே வெளியேறும் ஒளியைத் தவறவிடுவது புதிய நிரல்களில் அடிக்கடி காணும் பிழை. அதை முன்னோக்கிய கூர்முனையோடு சேர்த்துக்கொள்ள வேண்டும். 180 டிகிரிப் பின்சிதறலை மட்டும் கற்றைக் கணக்கின் விடையாக அப்படியே ஏற்காதீர்கள். எதிரெதிர்ப் பாதைகளில் திரும்பும் அலைகள் ஒன்றையொன்று வலுப்படுத்தும் விளைவைக் கற்றைக் கணக்கு அறியாது. லைடார் பார்ப்பதோ துல்லியமாக அந்தக் கோணத்தைத்தான்.

துகளிலிருந்து மேகத்துக்கு

மேகத்தில் பல பருமன்கள் கலந்திருக்கின்றன. எந்தப் பருமனில் எத்தனை துகள்கள் என்பதைச் சொல்லும் காமா பரவலை வைத்து, ஒவ்வொரு பருமனின் சிதறலையும் அதன் எண்ணிக்கையாலும் சிதறல் பரப்பாலும் எடையிட்டுக் கூட்டுங்கள். பரவலின் அளபுருக்களைப் பழைய விமான அளவீடுகளிலிருந்து எடுப்பதானால் எச்சரிக்கை தேவை: அக்காலக் கருவிகளின் முனையில் மோதிப் பெரிய படிகங்கள் உடைந்து, சிறு துகள்களின் எண்ணிக்கையை மிகையாகக் காட்டின. பிற்காலத்தில் கருவி முனைகளை மாற்றியமைத்தும், ஒன்றையடுத்து ஒன்றாக நெருங்கி வரும் துண்டுகளைக் கணக்கில் நீக்கியும் இதைக் குறைத்தார்கள். பரவலின் நுணுக்கமான வடிவத்தைவிடப் பயனுறு விட்டமே முடிவைப் பெரிதும் தீர்மானிக்கிறது என்பது ஓர் ஆறுதல்.

அதன்பின் 10 முதல் 120 மைக்ரோமீட்டர் வரை பயனுறு விட்டங்களுக்கும், 0.1 முதல் 100 வரை ஒளியியல் தடிமன்களுக்கும், சூரியக் கோணம், பார்வைக் கோணம் ஆகியவற்றுக்கும் எதிரொளிப்பைக் கணக்கிட்டு அட்டவணையாக்குங்கள். முன்னோக்கிய கூர்முனையை வெட்டிச் சுருக்கும் டெல்டா-எம் உத்தியைப் பயன்படுத்தினால், தடிமனும் கூடவே சுருக்கப்படுகிறது என்பதை மறந்துவிடக் கூடாது. தடிமனும் விட்டமும் கிடைத்துவிட்டால் பனியின் எடைக்கு எளிய சூத்திரம் உண்டு: இரண்டையும் பனியின் அடர்த்தியோடு பெருக்கி மூன்றால் வகுக்க வேண்டும். தடிமன் 1, விட்டம் 60 மைக்ரோமீட்டர் என்றால் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 18 கிராம்.

மெல்லிய கீற்று மேகங்களில் நிலத்தின் ஒளி ஊடுருவி வருவதால், அடியிலுள்ள தரையின் எதிரொளிப்பையும் தர வேண்டும். நம் பகுதியின் காய்ந்த செம்மண்ணும் பாறைக் குன்றுகளும் 1.6 மைக்ரோமீட்டரில் நன்கு ஒளிர்கின்றன. கோடையில் காய்ந்தும் ஐப்பசி மழைக்குப் பின் பசுமையாகவும் தரை மாறுவதால், ஆண்டு முழுவதற்கும் ஒரே மதிப்பை வைத்தால் மெல்லிய மேகங்களின் விட்டம் பருவத்துக்குப் பருவம் பொய்யாக ஏறி இறங்கும். கே.ஆர்.பி. அணையின் நீர்ப்பரப்பு கருமையான நல்ல பின்னணிதான். ஆனால் இன்சாட் படத்தில் அது ஒரு சில பிக்சல்களே ஆவதால் சோதனைக்கு மேல் எதற்கும் பயன்படாது.

கோணச் சோதனை

துகள் மாதிரி சரியா என்பதைக் கண்டறிய, இருந்த இடத்திலிருந்தே செய்யக்கூடிய சோதனை இது. இந்த வேலையில் மிகவும் பயனுள்ள பகுதியும் இதுவே என்பேன். கிருஷ்ணகிரியிலிருந்து பார்த்தால் இன்சாட்-3டிஆர் உச்சியிலிருந்து சுமார் 15 டிகிரி சாய்ந்து, தெற்கே சற்று மேற்காக நிற்கிறது. ஏப்ரல் 24-ஐ ஒட்டிய நாட்களில் நண்பகலில், நம் கடிகாரப்படி சுமார் 12.15 மணிக்கு, சூரியன் கிருஷ்ணகிரிக்கு ஏறக்குறைய நேர் உச்சியில் வருகிறது. அப்போது மேகத்தில் பட்டு செயற்கைக்கோளுக்குத் திரும்பும் ஒளியின் சிதறல் கோணம் 165 டிகிரி. அதற்கு மூன்று மணி நேரம் முன்பு சூரியன் கிழக்கே 45 டிகிரி சாய்ந்திருக்கும்போது கோணம் 129 டிகிரி. மூன்று மணி நேரம் கழித்து மேற்கே சாய்ந்திருக்கும்போது 138 டிகிரி. வழுவழுப்பான அறுகோணத் தூணின் சிதறல் பரவலில் 150 முதல் 160 டிகிரிக்குள் ஒரு மேடு இருக்கிறது. சொரசொரப்பான திரளில் அந்த மேடு பெரும்பாலும் இல்லை.

ஆகவே ஏப்ரல், மே மாதங்களின் பல நாட்களில், அரைமணிக்கு ஒருமுறை வரும் படங்களிலிருந்து பனிமேகப் பிக்சல்களை மட்டும் பிரித்தெடுத்து, வருவித்த தடிமனைச் சிதறல் கோணத்துக்கு எதிராக வரையுங்கள். கோடை மேகம் பிற்பகலில் தடிப்பது இயற்கை என்பதால், தடிமனை அப்படியே வரைவது போதாது; அதே பிக்சல்களின் 11, 12 மைக்ரோமீட்டர் வெப்ப வரிசைகளிலிருந்து தனியே வருவித்த உறிஞ்சல் தடிமனால் அதை வகுத்து, விகிதத்தை வரைய வேண்டும். பெரிய துகள்களுக்குக் கண்ணுறு மறைப்புத்திறன் 2, வெப்ப வரிசையின் உறிஞ்சல்திறன் ஏறத்தாழ 1. எனவே விகிதம் 2-ஐ ஒட்டி, கோணம் எதுவானாலும் தட்டையாக நிற்க வேண்டும். மேகம் தடித்துவிட்டால் வெப்ப வரிசை அதனூடே பார்க்க முடியாமல் நிறைவடைந்துவிடும் என்பதால், கண்ணுறு தடிமன் 5-க்குக் கீழே உள்ளவற்றை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். விகிதம் எல்லாக் கோணங்களிலும் ஒரே அளவு மிகையாக வந்தால், நீங்கள் கொண்ட சமச்சீரின்மை எண் அதிகம் என்று சந்தேகிக்கலாம். 150-ஐத் தாண்டும் கோணங்களில் மட்டும் பள்ளம் விழுந்தால், உங்கள் மாதிரியில் உண்மையில் இல்லாத ஒரு மேடு இருக்கிறது. சொரசொரப்பைக் கூட்டிப் பாருங்கள். 2004 டிசம்பரில் ஏவப்பட்ட பிரெஞ்சுச் செயற்கைக்கோளான பாரசோல், ஒரே மேகத்தைச் சில நிமிடங்களுக்குள் பல கோணங்களில், முனைவாக்கத்தோடு பார்த்து இதே சோதனையைத் துப்புரவாகச் செய்தது. நிலைநின்ற செயற்கைக்கோளில் நாம் ஒரு நாளின் நேரத்தைக் கோணமாக மாற்றிக்கொள்கிறோம்.

லைடாரோடு ஒப்பிட விரும்பினால், 2006 முதல் 2023 வரை இயங்கிய காலிப்சோவின் பதிவுகள் இருக்கின்றன. 2007 நவம்பரில் அதன் லைடாரைச் செங்குத்திலிருந்து 3 டிகிரி சாய்த்தார்கள்; அதற்கு முந்தைய பதிவுகளில் கிடைமட்டமாக மிதக்கும் தட்டுகளின் கண்ணாடிபோன்ற எதிரொளிப்பு கலந்திருப்பதால், பிந்தைய பதிவுகளையே எடுங்கள். கிருஷ்ணகிரியிலிருந்து நேர்கோட்டில் சுமார் 150 கிலோமீட்டர் தொலைவில், ஆந்திர எல்லைக்கு அப்பால் உள்ள கடங்கியின் தேசிய வளிமண்டல ஆய்வுக்கூடம் 532 நானோமீட்டர் லைடாரால் நெடுங்காலமாகக் கீற்று மேகங்களை அளந்துவருகிறது; நம் அட்சரேகைக்கு ஏற்ற ஒப்பீடு அதுதான்.

மைக்ரோ அலைக்கு வரும்போது

இன்சாட்டோடு நிறுத்திக்கொள்கிறவர்கள் இப்பகுதியைத் தாண்டிச் செல்லலாம். இந்தியாவும் பிரான்சும் சேர்ந்து 2011 அக்டோபர் 12 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவிய மேகா-டிராபிக்ஸ் செயற்கைக்கோளின் சபீர் கருவி 183 கிகாஹெர்ட்ஸில் பார்த்தது. அதன் பழைய பதிவுகளை ஆராய விரும்புகிறவர்களுக்குத் துகளின் எடைதான் மையக் கேள்வி. எடை, நீளத்தின் 1.9-ஆம் அடுக்கைப் பின்பற்றுகிறது என்ற பிரவுன், பிரான்சிஸ் இருவரின் 1995 உறவு பரவலாக வழங்குகிறது. அதன்படி ஒரு மில்லிமீட்டர் திரளின் எடை சுமார் 37 மைக்ரோகிராம். அதே விட்டமுள்ள திண்பனிக் கோளமோ 480 மைக்ரோகிராம். சுமார் 97 மைக்ரோமீட்டருக்குக் கீழே அந்த உறவு திண்பனியைவிடக் கூடிய எடையைத் தருமாதலால், அங்கே திண்கோளத்தின் எடையோடு நிறுத்திவிட வேண்டும். திரளுக்குப் பதிலாக, பனியும் காற்றும் கலந்த அடர்த்தி குறைந்த கோளத்தை வைப்பது எளிய குறுக்குவழி. ஒரு அதிர்வெண்ணில் அது பொருந்தலாம். அடுத்த அதிர்வெண்ணுக்குப் போனதும் அடர்த்தியை மாற்றவேண்டி வரும். ஒரே துகள் எல்லா அலைநீளங்களுக்கும் விடை சொல்ல வேண்டும் என்ற நெறிக்கு இது ஒத்துவராததால், சிறிது கூடுதல் நேரமானாலும் டிடிஏ-வையே பரிந்துரைக்கிறேன். கண்ணுறு ஒளிக்கு எடுத்துக்கொண்ட திரளின் எடையும் இங்கே எடுத்துக்கொள்ளும் திரளின் எடையும் ஒரே உறவில் அமைகின்றனவா என்று பாருங்கள்; பல ஆய்வேடுகளில் இவை இரண்டும் ஒன்றையொன்று அறியாத இரு துகள்களாகவே இருக்கின்றன.

அட்டவணையைச் சேமிக்கும்போது, கோப்பின் தலைப்பகுதியிலேயே துகளின் வடிவம், சொரசொரப்பின் அளவு, ஒளிவிலகல் தொகுப்பின் ஆண்டு, பருமன் பரவலின் அளபுருக்கள், பருமன் என்று குறித்தது விட்டத்தையா ஆரத்தையா, கூர்முனை வெட்டப்பட்டதா என்ற விவரங்களை எழுதிவிடுங்கள். மாதிரியை மாற்றும் ஒவ்வொரு முறையும் பழைய கோப்பின் மேல் எழுதாமல் புதுப்பெயரில் சேமித்து, முன்பு வருவித்த எல்லா நாட்களையும் புதிய அட்டவணையால் மறுபடி கணக்கிடுங்கள். ஏப்ரலை ஒரு மாதிரியாலும் மே மாதத்தை வேறொன்றாலும் கணக்கிட்டுவிட்டு, இடையில் தெரியும் மாற்றத்தைப் பருவத்தின் மேல் ஏற்றிச் சொல்ல முடியாது.